இரண்டாவது தாங்குகட்டை

ஓய்வு பெற்ற நான்காவது மாதம் என் வீட்டுக்கு ஒரு படகு வந்து சேர்ந்தது. பதினெட்டடி நீளம், வெள்ளை அடித்த பழைய ஃபைபர் படகு. ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் ஒரு விடுதிக்காகச் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிக்கொண்டு ஓடியது. அந்த விடுதி மூடி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. விடுதிக்காரருக்கு உறவான ஒருவர் என்னோடு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஒரு கல்யாண வீட்டில் வைத்து, "சும்மா கெடந்து நசிக்குது. எடுத்துட்டுப் போறதானா எடுத்துக்கிடுங்க. எடம் ஒழிஞ்சாப் போதும்" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். நான் மறுநாளே ஒரு பிக்கப் வண்டி பிடித்துக்கொண்டு போய் நின்றேன்.

நெய்யாற்றின்கரையில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தேன். மதியம் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைப் படிக்குப் போய்விடுவேன். மற்றவர்கள் கட்சி, பிள்ளைகளின் படிப்பு, இடமாற்றம் என்று பேசிக்கொண்டு சாப்பிடுவார்கள். எனக்கு அதில் சொல்ல ஒன்றும் இருக்காது. ஆற்றைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறவனிடம் ஏன் பேசவில்லை என்று யாரும் கேட்பதில்லை. கரையிலிருந்தே பார்த்த ஆற்றை ஒரு தடவை நடுவிலிருந்து பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை உண்டாகியிருந்தது. அவ்வளவுதான் காரணம். படகு ஓட்டவோ நீந்தவோ எனக்குத் தெரியாது.

என் வீடு பாறசாலைக்கும் குளத்தூருக்கும் நடுவில், பேருந்து போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி. அங்கே ஆறும் இல்லை, காயலும் இல்லை. பிக்கப்பிலிருந்து படகை இறக்கிப் பிலாமரத்தின் கீழே வைத்தபோது பக்கத்துவீட்டுக்காரர் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சாரே, வெள்ளப்பொக்கம் வருதுன்னு ஏதும் சேதி உண்டா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அவர் உள்ளே போய்விட்டார்.

நான் தனி ஆள். முப்பது வயதில் கல்யாணம் ஆயிற்று. பதினோரு மாதம். சண்டை ஒன்றும் இல்லை. போகிற அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று அவள் சொன்னாள்: "இந்த வீட்டில எனக்க சத்தத்த மட்டும்தான் நான் கேக்குதேன்." அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவள் வேறு கல்யாணம் செய்துகொண்டு நன்றாக இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அலுவலகம் இருந்தவரை தினமும் நாலு பேரிடம் நாலு வார்த்தை பேசித்தான் ஆக வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு அதுவும் நின்றது. ஒரு நாள் மளிகைக் கடையில் "அரைக்கிலோ பயறு" என்று கேட்கப்போய்த் தொண்டை அடைத்துக்கொண்டு குரல் வரவில்லை. கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். திரும்பி நடக்கும்போது யோசித்துப் பார்த்தேன். அதற்கு முன்னால் நான் பேசி இரண்டு நாளாகியிருந்தது.

படகைக் கழுவிவிட்டு உள்ளே ஏறி நின்றேன். நடுவில் மிதித்தபோது தளம் மெத்தை மாதிரி அமுங்கியது. கட்டடச் சாமான் விற்கும் கடையில் விசாரித்ததில், குளத்தூர் போகும் வழியில் ஒரு பெண் ஃபைபர் வேலை செய்கிறார் என்று சொன்னார்கள்.

சாலையோரத்தில் தகரம் போட்ட ஒரு கொட்டகை. முன்னால் பழுது பார்க்க வந்த தண்ணீர்த் தொட்டிகள். உள்ளே ஏதோ கோயில் உற்சவத்துக்கான யானைத் தலை தும்பிக்கை இல்லாமல் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு சர்ச்சுக்காகச் செய்த ஆட்டுக்குட்டிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அந்தப் பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சுடிதாருக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். கைவிரல்களில் ரெசின் பசை உலர்ந்து ஒட்டியிருந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "போட்டா? நான் டேங்கும் ஷீட்டும் செய்யுத ஆளாக்கும். போட் நமக்க வீட்டுக்காரருக்க ஜோலி. அவரு கல்ஃபில ஒரு கப்பல் டாக்கில போட் பழுது நன்னாக்குதாரு. செரி, வந்து பாக்குதேன்" என்றார்.

மறுநாள் காலையில் ஸ்கூட்டரின் முன்பக்கம் ஃபைபர் அறுக்கும் கை கிரைண்டரை வைத்துக்கொண்டு வந்தார். சுத்தியலின் பிடியால் படகின் தளத்தைத் தட்டிக்கொண்டே போனார். சில இடத்தில் சத்தம் கணீரென்று வந்தது. நடுப்பகுதியில் ஈரச் சாக்கைத் தட்டுகிறது போல இருந்தது. பைக்குள்ளிருந்து போனை எடுத்து ஒரு ரெசின் டப்பாவின் மேல் சாய்த்து வைத்து, கணவரைக் கூப்பிட்டார். அங்கே அவருக்குத் தேநீர் இடைவேளை.

"கேட்டியளா, தளம் அமுங்குது. என்ன செய்யணும்?"

"அடியில ரெண்டு கட்டை உண்டு பிள்ளே, முன்னேருந்து பின்னாடி வரைக்கும் நீளத்துக்கு ஓடும். அதுக்க மேலதான் தளமே இருக்கு. அது உளுத்திருக்கும். வெட்டிப் பாரு."

"முழுசும் வெட்டணுமா?"

"ஆமா, முழுசும். பாதி வெட்டிட்டு இங்க எதுக்கு விளிக்குத?"

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு முகமூடியைப் போட்டுக்கொண்டு கிரைண்டரை ஓட்டினார். வெள்ளைத் தூள் பறந்து பிலாமரம் முழுக்கப் படிந்தது. தளத்தை இரண்டு துண்டாகப் பெயர்த்தெடுத்தபோது ஓடையில் ஊறிய தேங்காய் மட்டையின் நாற்றம் வந்தது. அடியில் இரண்டு தாங்குகட்டைகள் தெரிந்தன, படகின் அடித்தட்டு பாரம் தாங்கி நிற்பதற்காக ஃபைபர் உறைக்குள் வைத்திருந்த மரங்கள். உறை அப்படியே இருந்தது. உள்ளே இருந்த மரம் கறுத்துக் கூழாகிப்போயிருந்தது. நான் கையை விட்டு அள்ளினேன். பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. எப்போதோ இருக்கைகளை முடுக்கிய ஸ்க்ரூ ஓட்டைகளை யாரும் அடைக்கவில்லை. அந்த வழியாக வருஷக்கணக்கில் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது.

"மேல பாத்தா ஒண்ணும் தெரியல்ல பாத்தியளா" என்றார் அவர்.

செவ்வாயும் சனியும் வருவதாகப் பேச்சு. கூலியைச் சொன்னார். நான் சரி என்றேன். ஓணம் கழிந்து முதல் செவ்வாயில் வேலை தொடங்கியது.

கணவர் போனில் முதலில் சொன்னது, இரண்டு கட்டைகளையும் ஒரே நேரத்தில் எடுக்கக் கூடாது என்பது. எடுத்தால் படகு தன் வடிவத்தை விட்டுக் கோணிப்போகும். பிறகு என்ன செய்தாலும் நேராக ஓடாது. படகின் இரண்டு பக்கமும் தென்னந்தடியும் பழைய டயரும் அண்டை கொடுத்து, நூல் கட்டி மட்டம் பார்த்துவிட்டு, இடப்பக்கக் கட்டையை மட்டும் முதலில் எடுத்தோம். நான் நல்ல அயினிப் பலகை வாங்கித்தருகிறேன் என்றேன். "வேண்டாம் அண்ணே. அயினி நல்ல மரந்தான். ஆனா ரெசின் பிளைவுட்டிலதான் நல்லாப் பிடிக்கும். கடல் போட்டுக்குள்ளதுன்னு கேட்டு வாங்குங்க" என்று கணவர் சொன்னார். நெய்யாற்றின்கரைக்குப் போய் வாங்கிவந்தேன். இரண்டு தகடுகளை ஒட்டி ஒரு கட்டை. அடித்தட்டின் வளைவுக்கு ஏற்றபடி அட்டையில் வெட்டிப் பார்த்து, பிறகு பலகையில் வரைந்து அறுத்தோம். ரெசினில் பொடி கலந்து சாந்துபோலக் குழைத்து அதன்மேல் கட்டையை உட்கார வைத்தோம். மூலையிலும் அதே சாந்தை விரலால் வழித்து உருட்டினோம். அதற்கு மேல் மேட். கண்ணாடி நூலை அமுக்கிச் செய்த துணிமாதிரி ஒன்று. ஒரு அடுக்கு, அதைவிட அகலமாக இன்னொரு அடுக்கு, அதற்கும் மேல் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் ரெசினைத் தேய்த்து, உருளையால் காற்றுக்குமிழ்களை வெளியே தள்ள வேண்டும்.

நான் எடுபிடிதான். டப்பா எடுத்துக்கொடுப்பேன், மேட் வெட்டுவேன், பிரஷ் கழுவுவேன். அவர் பேசிக்கொண்டே வேலை செய்வார். மங்களூரில் நர்சிங் படிக்கும் மகள் வாரம் ஒரு முறை அழைத்து அழுவது, சர்ச் பாடகர் குழுவில் இரண்டு பேருக்குள் நடக்கும் பிணக்கு, யானைத் தலையைக் கொண்டுபோக வந்தவர்கள் தும்பிக்கை சிறிதாயிற்று என்று சண்டை பிடித்தது. பத்தரை மணிக்குப் போன் டப்பாமேல் ஏறும். கணவனும் மனைவியும் படகைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆனால் அதற்கு நடுவே, "மருந்து குடிச்சியா?", "இன்னைக்கும் அந்தச் சட்டையா?" என்று ஏதாவது வரும். அந்தக் கால் மணிநேரம் என் முற்றத்தில் மூன்று பேர் இருப்பார்கள்.

எனக்கு அந்த இரண்டு நாளும் பழகிப்போயிற்று. செவ்வாயும் சனியும் விடியும் முன்பே எழுந்து புட்டும் பயறும் செய்தேன். கடைக்குப் போய்ப் பூப்போட்ட புது கோப்பைகள் வாங்கினேன். வீட்டில் இருந்ததெல்லாம் விளிம்பு போன ஒற்றைத் தம்ளர். அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கடைசிவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. அவர் ஒரு நாள், "சார் ஒண்ணும் மிண்டமாட்டியளே. நான் பேசி உங்களுக்குத் தலை நோவுதா?" என்று கேட்டார். "இல்ல இல்ல. பேசுங்க" என்றேன். அன்றைக்கு அதுதான் நான் சொன்ன நீளமான பேச்சு.

புதனும் வியாழனும் கிடந்து நீளும். படகுக்குள் ஏறி முடிந்த இடப்பக்கக் கட்டையை விரலால் தட்டிப் பார்ப்பேன். கணீர் கணீரென்று கேட்கும். வேலை முன்னேறுவது எனக்குப் பிடிக்கவில்லை என்பதை அப்போதே கொஞ்சம் தெரிந்துகொண்டுவிட்டேன் என்று நினைக்கிறேன்.

ஐப்பசி மழைக்காலமான துலா மாதம் பிறந்தது. இரண்டாவது கட்டையையும் அறுத்து, சாந்தில் உட்கார வைத்தாயிற்று. அன்று செவ்வாய். அவர் கைகழுவிக்கொண்டே சொன்னார்: "பிளைவுட் நல்லா உணங்கணும். ஒரு துளி வெள்ளம் படப்பிடாது. நனைஞ்ச மரத்தில மேட் பிடிக்காது, நாலு மாசத்தில இளகிரும். வெயில் உள்ளப்பம் தார்ப்பாயை மாத்தி வையுங்க. மழைக்கோளு கண்டா உடனே மூடிரணும். சனியாழ்ச்சை மேட் ஒட்டிருவேன். தளத்தையும் போட்டுட்டா எனக்க ஜோலி கழிஞ்சு."

இன்னும் இரண்டு நாள் வேலை. அதற்குப் பிறகு அவர் வர ஒரு காரணமும் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் நான் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வெயில் காய்ந்ததால் தார்ப்பாயைச் சுருட்டிப் படகின் தலைமாட்டில் வைத்திருந்தேன். மூன்று மணிவாக்கில் கிழக்கே கறுத்தது. காற்று எழுந்தது. பிலாவின் பழுத்த இலைகள் உதிர்ந்து படகுக்குள் விழுவதைப் பார்த்தேன். இடி முழங்கியது. நான் இருந்த இடத்திலிருந்து படகுக்கு இருபது எட்டு இருக்கும். பாயை விரித்துக் கயிறு கட்ட ஐந்து நிமிஷம் போதும். மழை வருவதற்கு அதற்கு மேலேயே நேரம் இருந்தது.

நான் எழுந்திருக்கவில்லை.

மறந்துபோனேன் என்றோ தூங்கிப்போனேன் என்றோ எழுதினால் எளிதாக இருக்கும். அப்படி இல்லை. கைகளை முட்டிமேல் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் துளிகள் புதுப் பலகையில் விழுந்து கறுப்புப் பொட்டுகள் ஆவது வராந்தாவிலிருந்து தெரிந்தது போல இப்போது நினைவு இருக்கிறது. அவ்வளவு தூரத்திலிருந்து தெரிந்திருக்காது. மழை ஒரு மணிநேரம் கொட்டியது. படகின் அடித்தட்டில் தண்ணீர் கட்டையின் பாதி உயரத்துக்குத் தேங்கியது.

அதைவிட மோசமானதை அதற்குப் பிறகு செய்தேன். மழை விட்டதும் போய்த் தண்ணீரை இறைத்தேன். இறைத்த கையோடு தார்ப்பாயை எடுத்து ஒழுங்காக மூடிக் கயிற்றைக் கட்டினேன். மூடிவைத்தால் ஈரம் காயாது.

சனிக்கிழமை அவர் வந்தார். புட்டைத் தின்றார். மகளுக்கு ஏதோ தேர்வு முடிந்த சந்தோஷத்தில் இருந்தார். பாயை நீக்கிவிட்டுக் கட்டையில் கை வைத்தவர் அப்படியே நின்றார். ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் பலகையின் விளிம்பைக் குத்தினார். உள்ளே இறங்கியது. அறுத்த விளிம்பு வழியாக ஈரம் ஏறி, ஒட்டிய தகடுகள் அங்கே உப்பிப் பிரிந்திருந்தன.

"சாரே, இது எப்பிடி நனைஞ்சு?"

"மழை பெய்தது."

"பாய் மூடித்தானே கெடக்கு?"

அவர் குனிந்து அடித்தட்டில் ஒட்டிக் கிடந்த ஒரு பிலா இலையை எடுத்தார். இன்னொன்று. பிறகு மூன்றாவது. நனைந்து பலகையோடு படிந்திருந்தவை. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பாயைப் பார்த்தார். பிறகு என்னை.

"ஒறங்கிப்போனியளா?"

"இல்ல."

"வெளிய எங்கயும் போயிருந்தியளா?"

"இல்ல. இங்கதான் இருந்தேன். பாத்துட்டுத்தான் இருந்தேன்."

அவருக்குப் புரிய கொஞ்சம் நேரம் எடுத்தது. முகம் சிவந்தது. கோபத்தில் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நல்லது. அவர் இலைகளைக் கீழே போட்டுவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்தார். அந்த நேரத்தில் போன் அடித்தது. பத்தரை மணி. டப்பாமேல் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினார்.

"மேட் ஒட்டியாச்சா பிள்ளே?"

"இல்ல. கட்டை நனைஞ்சிட்டுது."

"நனைஞ்சா? அதெப்பிடி? மூடல்லியா?"

அவர் என் பக்கம் பார்க்காமல் சொன்னார்: "காத்தடிச்சுப் பாய் பறந்து போச்சு. அவரு என்ன செய்வாரு, பாவம்."

போனை வைத்ததும் கிரைண்டரையும் பிரஷ்களையும் எடுத்து ஸ்கூட்டரில் கட்டினார். நான் பின்னாலேயே போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது. கீழே கிடந்த ஒரு பிரஷை எடுத்து நீட்டினேன்.

"பேச ஆளு வேணும்னா பேசலாமே சாரே. அதுக்கு எதுக்கு மரத்தை நனைக்கணும்?" என்றார். குரல் உயரவில்லை. "எனக்க கையால செய்த ஜோலி அது. ரெண்டு நாளு முட்டுகுத்தி நின்னு செய்தது. அதையும் நனைச்சுப்போட்டிய. இப்பம் அவருகிட்ட நான் கள்ளமும் சொல்லியாச்சு. இருபது வருசத்தில அவருகிட்ட ஒரு கள்ளம் சொன்னதில்ல. இனி நான் வரமாட்டேன்."

ஸ்கூட்டர் போயிற்று. மேசைமேல் அவருடைய கோப்பையில் பாதித் தேநீர் இருந்தது. மத்தியானம் வரை நான் அதை எடுத்துக் கழுவவில்லை.

அடுத்த செவ்வாய்க்கும் புட்டு அவித்தேன். வரமாட்டார் என்று தெரிந்துதான் அவித்தேன். பத்தரை மணிக்கு முற்றத்தில் போய் நின்றுவிட்டுத் திரும்பினேன். இரண்டு தடவை அவருடைய கொட்டகை வரை நடந்தேன். இரண்டு தடவையும் சாலையின் எதிர்ப்பக்கம் நின்று, உள்ளே கிரைண்டர் ஓடும் சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்தேன். உள்ளே போய் என்ன சொல்வது? படகைப் பாயால் மூடினேன். அதைப் பார்க்காமல் இருக்க, கிணற்றுக்குப் போகும் வழியைக்கூட மாற்றிக்கொண்டேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை என் போன் அடித்தது. வெளிநாட்டு எண்.

"அண்ணே, நானாக்கும். போட் எங்க வரைக்கும் ஆச்சு?"

அவருடைய கணவர். "ஒண்ணும் ஆகல்ல" என்றேன்.

"அவளுக்குக் கிறிஸ்மஸ் ஆர்டர் கெடக்கு, கையொழிவில்ல. நீங்களே செய்யலாம் அண்ணே. நான் சொல்லித்தாறேன். இன்னைக்கு எனக்கு லீவு."

அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன். தெரியாத மனிதரிடம் உதவி வாங்குவது உள்ளே உறுத்தியது. ஆனாலும் நான் போனை வைக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

அன்று தொடங்கி ஒவ்வொரு வெள்ளியும் அவர் அழைத்தார். உப்பிய கட்டையை உளியால் பெயர்த்தேன். சாந்து நன்றாகப் பிடித்திருந்தது, எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. புதுப் பலகை வாங்கினேன். அட்டை வைத்து வரைந்து, கைரம்பத்தால் அறுத்தேன். ரெசின் கலக்கும்போது முதல் தடவை அதை இறுக வைக்கும் ஹார்டனர் அதிகமாகி, தேய்ப்பதற்கு முன்பே கோப்பைக்குள் புகைந்து கல்லாகிவிட்டது. பயந்துபோய் அதை முற்றத்தில் வீசினேன். வெள்ளிக்கிழமை சொன்னபோது கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஆக்ஸிலரேட்டரையும் ஹார்டனரையும் நேரா ஒண்ணா ஊத்திராதிங்க, தீ பிடிச்சிரும். ரெசினில ஒண்ணு கலக்கி, பிறவு மற்றது. கொஞ்சம் கொஞ்சமாக் கலக்குங்க. அவசரம் என்ன?" மேட்டிலிருந்து பறந்த கண்ணாடித் துகள் கழுத்திலும் கையிலும் ஏறி ஒரு வாரம் அரித்தது. பச்சைத் தண்ணீரில்தான் குளிக்க வேண்டும், வெந்நீர் பட்டால் உள்ளே இறங்கிவிடும் என்றார்.

முதல் மேட் ஒட்டி முடித்து வீடியோவில் காட்டினேன். கணவர் போனை முகத்துக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார். "இடது மூலையில வெள்ளையாத் தெரியுது பாத்தியளா? அது காத்து. அதைக் கீறி எடுத்துட்டு மறுக்க ஒட்டுங்க." கீறி எடுத்தேன். மறுபடி ஒட்டினேன். உருளையை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று கைக்குத் தெரிய மூன்று அடுக்கும் தேவைப்பட்டது.

படகைப் பற்றிப் பேசி முடிந்த பிறகும் சில நேரம் அவர் வைக்கமாட்டார். ஆறு பேர் இருக்கும் அறையைப் பற்றிச் சொல்வார். மற்ற ஐந்து பேருக்கும் வெள்ளிக்கிழமை ஷிப்ட் உண்டு, இவர் மட்டும் தனியாக இருப்பார். கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு பேசுவது, திரையில் தலையணை தெரிவதிலிருந்து எனக்குத் தெரியும். இரண்டு கிறிஸ்மஸாக ஊருக்கு வரவில்லை. "இங்க டாக்கில நான் நன்னாக்கிவிட்ட போட்டில ஒண்ணில கூட நான் ஏறிப் போனதில்ல அண்ணே. வேலை கழிஞ்சா கிரேன் வந்து தூக்கிட்டுப் போவும்" என்றார் ஒரு நாள். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொன்னேன். அந்த வாரங்களில் நானும் கொஞ்சம் பேசக் கற்றிருந்தேன். பேசும்போதெல்லாம் அந்த மழை மத்தியானம் வாய்வரை வந்தது. நான் சொல்லவில்லை.

கார்த்திகை முடிவதற்குள் கட்டை முடிந்தது. தளத்தைப் போட்டேன். இருக்கையின் ஒவ்வொரு ஸ்க்ரூ ஓட்டையிலும் ரெசின் ஊற்றி அடைத்தேன். அந்த வருஷம் கணவர் கிறிஸ்மஸுக்கு வந்தார்.

போனில் பார்த்ததைவிட அவர் குள்ளம். முற்றத்துக்குள் வந்ததும் என்னிடம் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தைக் கொடுத்துவிட்டு நேரே படகுக்குப் போனார். சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே முன்னும் பின்னும் நடந்தார். "ரெண்டாவது கட்டைதான் கொள்ளாம், நல்லா வந்திருக்கு" என்றார். "ஒண்ணாவதுக்கு மினுசம், வழவழப்பு கூடுதல். அது அவளுக்க கை. ஆனா உறப்பு இதுக்குத்தான்."

பொழியூர்ப் பக்கம் ஒரு நண்பரிடமிருந்து சின்ன எஞ்சின் ஒன்றை இரவல் வாங்கினார். புத்தாண்டு கழிந்து ஒரு காலையில் படகை நெய்யாற்றில் இறக்கினோம். அவருடைய மனைவியும் மகளும் கரைக்கு வந்திருந்தார்கள். மனைவியைப் பார்த்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு படித்துறையின் மேல்படியில் நின்றார். நான் அருகே போனபோது தலையசைத்தார். படகில் ஏறச்சொல்லி மகள் இழுத்தாள். "நீ போ, நான் இங்க நிக்குதேன்" என்றார். மகளும் போகாமல் நின்றுவிட்டாள்.

ஆற்றின் நடுவுக்கு வந்ததும் கணவர் எஞ்சினை நிறுத்தினார். தளத்தில் கை வைத்துப் பார்த்தார், காய்ந்திருந்தது. படகு மெதுவாகத் திரும்பியது. மூங்கில் கொத்து, எதிர்க்கரையின் தென்னைகள், தூரத்தில் குடை. முப்பது வருஷம் நான் சாப்பிட்ட படி அங்கிருந்து எவ்வளவு சிறியதாகத் தெரிந்தது!

"அன்னைக்குப் பாய் காத்தில பறக்கல்ல" என்றேன். "நான்தான் மூடல்ல. வேணும்னுதான் மூடல்ல. வேலை தீர்ந்தா உங்க வீட்டுக்காரி வரமாட்டாங்களே, போனில நீங்களும் வரமாட்டியளேன்னு…"

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எனக்குத் தெரியும் அண்ணே" என்றார். "அன்னைக்குச் சாயந்திரமே அவ விளிச்சுச் சொல்லிட்டா. கரைஞ்சு அழுதா. கள்ளம் சொன்னதுக்குத்தான் கரைச்சல். எனக்கு நல்ல தேச்சியம், கோவம் வந்து. மேல அந்தப் பக்கம் போவண்டாம்னேன். ரெண்டு வாரம் கழிஞ்சு அவதான் சொன்னா, வெள்ளியாழ்ச்சை நீங்க சும்மாத்தானே கெடக்குதிய, அந்த மனுசனை ஒண்ணு விளிச்சுப் பாருங்கன்னு."

நான் கரையைப் பார்த்தேன். குடைக்குக் கீழே அவருடைய மனைவி மகளிடம் எதையோ காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். என் கண் கலங்கியது. கணவர் அதைப் பார்க்காததுபோல் எஞ்சின் கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பில் பிடிக்கவில்லை.

கரைக்கு வந்ததும் நான் அவருடைய மனைவியிடம், "செய்தது தப்பு. பொறுத்துக்கிடணும்" என்றேன். அதை மட்டுமாவது சொன்னேன். "செரி சாரே" என்றார். "போட்டுக்குள்ள வெள்ளம் கேறல்லியே?" என்று கேட்டார். "இல்ல" என்றேன். பிறகு மூன்று பேரும் ஒரு ஆட்டோவில் போனார்கள்.

தை மாதம் கணவர் திரும்பிப் போனார். நாலைந்து வெள்ளிக்கிழமை அழைத்தார். படகு எப்படி ஓடுகிறது, எஞ்சின் வாங்கியாயிற்றா என்று கேட்பார். வாங்கவில்லை, துடுப்பு போதும் என்றேன். கேட்க வேண்டியதெல்லாம் தீர்ந்துபோயிற்று. ஒரு வெள்ளி அழைப்பு வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. மூன்றாவது வாரம் நானே கூப்பிட்டேன். எடுத்தது வேறு யாரோ. அவருக்கு இப்போது வெள்ளிக்கிழமையும் வேலை உண்டு, போனை அறையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று மலையாளத்தில் சொன்னார். யார் கூப்பிட்டது என்று சொல்ல வேண்டும் என்று கேட்டார். நான் உறவில்லை. நண்பர் என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. "நாட்டில இருந்து, போட்டுக்காரன்னு சொன்னாப் போதும்" என்றேன். இரண்டு நாள் கழித்துக் கணவரே அழைத்து இரண்டு நிமிஷம் பேசினார். பின்னால் யாரோ அவரை அவசரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவருடைய மனைவியைச் சந்தையில் இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன். நின்று பேசுவார். மகள் படிப்பு முடித்துவிட்டாள். என் வீட்டுக்கு அவர் பிறகு வரவில்லை. நானும் அழைக்கவில்லை.

படகு ஆற்றோரம் ஒருவருடைய வாழைத் தோட்டத்தின் கடவுத் துறையில் கட்டிக் கிடக்கிறது. வாரத்தில் மூன்று காலை பேருந்து பிடித்துப் போகிறேன். உயிர்காக்கும் சட்டை போட்டுக்கொண்டு மெதுவாகத் துடுப்புப் போடுவேன். ஆற்றில் இறங்கினால் மனசு வேறு மாதிரி ஆகும் என்று நினைத்திருந்தேன். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. கரையில் இருந்த அதே ஆள்தான் நடுவிலும் இருக்கிறேன். துணி துவைக்க வருகிறவர்கள் சிலர், "மீன் உண்டா?" என்று கேட்பார்கள். "மீன் பிடிக்க இல்ல, சும்மா வாறேன்" என்பேன். ஒரு நாள் அவர்களில் ஒரு பெண் சிரித்துவிட்டு, சோப்புப் பெட்டியை மறந்து அக்கரையில் வைத்துவிட்டேன், எடுத்துவந்து தரமுடியுமா என்று கேட்டார். போய் எடுத்துவந்து கொடுத்தேன்.